மூசி வெள்ளமும் ஒரு சீர்காழிக்காரரும்

"மாமா, 1908 மூசி வெள்ளத்தைப் பத்தி யாருமே எழுதல. டாபிக்கை மாத்திடப் போறேன்."

ஹைதராபாத்தில் எங்கள் வீட்டில் தங்கி எம்.ஏ. வரலாறு படிக்கும் அக்கா பெண் போன ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது. 1908 செப்டம்பர் 28. ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொண்ட வெள்ளம். அதற்கப்புறம்தான் நிஜாம் அரசு விஸ்வேஸ்வரய்யாவைக் கூப்பிட்டது. உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) வந்தன. இதைப் பற்றி யாரும் எழுதவில்லையா?

என்ன தேடினாள் என்று பார்த்தேன். கல்லூரி நூலகத் தளத்தில், 'ஹைதராபாத்தில் மூசி வெள்ளம் வந்ததற்கான காரணங்கள் என்ன' என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் அடித்திருக்கிறாள். அதிலும் மூசிக்குப் பழைய புத்தகங்களில் வரும் இரண்டு 'ஓ' போட்ட ஸ்பெல்லிங்.

நான் வெறும் பி.காம். ஆனால் இந்த இடத்தில் ஒரு சீர்காழிக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

எஸ்.ஆர். ரங்கநாதன், 1892ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை வைத்து விதவிதமான பொம்மைகள் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் ஏன் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கக் கூடாது? 1933ல் வந்த அவருடைய கோலன் பகுப்புமுறை பிறந்த கதை இது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து பக்கங்களாக எதையும் பிரிக்கச் சொன்னார்.

அந்தக் காலத்தில் இந்தப் பிரிக்கிற வேலையை நூலகர் செய்தார். 1950களின் கடைசியில் ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்பில் இருக்கும் சொற்களையே கணினியால் அட்டவணையாக்கினார். வேகம் கூடியது. ஆனால் எழுதியவர் என்ன சொல் போட்டாரோ அதுதான் அகப்படும். ஒரே விஷயத்துக்கு நாலு பெயர் உண்டு என்று யோசிக்கும் பொறுப்பு தேடுகிற நம் தலையில் விழுந்தது.

இது வங்கிக்காரனுக்குப் புதிதல்ல. நம்மூர் சுப்பிரமணியன் இங்கே வந்தால் சுப்ரமண்யம். கணக்கைத் தேடும்போது இரண்டையும் போட்டுப் பார்க்காமல் 'கணக்கே இல்லை' என்று சொன்னால் கவுண்டரில் சண்டைதான் :-)

ஆகவே வாக்கியத்தை உடைத்தோம்: ஆறு, வெள்ளம், ஊர். மூசியின் ஸ்பெல்லிங் இரண்டுக்கும் நடுவே 'ஆர்' போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்தோம். 'ஃப்ளட்' என்பதற்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால், பல தளங்களில் ஃப்ளட்ஸ், ஃப்ளடிங் எல்லாம் சேர்ந்து வரும். 'ஹைதராபாத் ஆர் நிஜாம் ஆர் டெக்கான்' இன்னொரு அடைப்புக்குறி. மூன்றையும் 'அண்ட்' போட்டு இணைத்தோம். 'காரணங்கள்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டோம். காரணத்தை அலசும் கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லாமல் போகலாம்.

சிந்துவில் இன்னொரு ஹைதராபாத் இருக்கிறதே, 'நாட் சிந்து' போடலாமா என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு ஊரையும் குறிப்பிடும் நல்ல கட்டுரையும் அதோடு போய்விடும். மூசி என்று இருந்தாலே சிந்து அநேகமாக ஒதுங்கிவிடும்.

வந்தது! பெஞ்சமின் கோஹன் 2011ல் 'என்விரான்மென்ட் அண்ட் ஹிஸ்டரி' இதழில் இந்த வெள்ளத்தைப் பற்றியே எழுதிய கட்டுரை. அதன் அடிக்குறிப்புகள் வழியே இன்னும் பல போகும். அதற்குக் கொடுத்திருந்த பொருள் தலைப்புச் சொற்களையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தேடலுக்கு உதவும்.

தலைப்பு மாறவில்லை. 'ஒண்ணுமே கிடைக்கல' என்பதும் 'யாருமே எழுதல' என்பதும் ஒன்றல்ல. உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நின்றால், தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் என்ன அடித்தாய் என்று கேளுங்கள். அப்படியே அந்த சீர்காழிக்காரர் கதையையும் சொல்லிவையுங்கள்.