ஏடு நடத்திய எழுத்துப் பள்ளி

மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட ஆண்டு 1948. ரப்பர்த் தோட்டங்களிலே லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. பொழுது சாய்ந்தபின் வெளியே நடமாடுவது எளிதன்று. அந்த நெருக்கடி தீராதிருந்த 1950–51-ஆம் ஆண்டுகளில், கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளேடு தன் பக்கங்களிலேயே ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தது. அதற்குக் கட்டடம் இல்லை, மணி இல்லை. 'கதை வகுப்பு' என்பது அதன் பெயர். சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அதனை நடத்தினர். சிறுகதை எழுதும் முறையை ஏட்டின் வாயிலாகவே பாடமாகச் சொல்லி, வாசகர்க்குப் பயிற்சி கொடுத்து, எழுதி வந்தவற்றை மதிப்பிட்டனர்.

கதை எழுதுவது இந்நாட்டிற்குப் புதிதன்று. சிங்கப்பூரில் மகதூம் சாயபு நடத்திய 'சிங்கைநேசன்' இதழில் 1888-லேயே 'வினோத சம்பாஷணை' வெளிவந்தது. சின்னையா பிள்ளையின் 'நவரச கதா மஞ்சரி' 1930-ல் நூலாயிற்று. 1924-ல் நரசிம்ம ஐயங்கார் தமிழ் நேசனைத் தொடங்கினார், 1935-ல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு சிங்கப்பூரில் தோன்றியது. ஆகவே ஏடும் இருந்தது, கதையும் இருந்தது. அப்படியானால் வகுப்பு எதற்கு?

விடையைத் தோட்டப் பள்ளிகளில்தான் தேட வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று முதலாளிமாரைக் கட்டாயப்படுத்தியது. எத்தகைய பள்ளி, யார் ஆசிரியர் என்பதில் அத்துணைக் கண்டிப்பு இல்லை. ஆயக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கூரை போட்டால் பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ கிடைத்தால் வாத்தியார். படிப்பு மிஞ்சினால் ஆறாம் வகுப்பு வரை. அதற்குள்ளேயே பல பிள்ளைகள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு பெற்றோருடன் நிரைக்குப் போய்விடுவர். அதற்குமேல் தமிழில் தொடர்ந்து படிக்க வழியில்லை. இப்படிப் பாதியில் நின்றவன் மறக்காமல் வைத்திருந்த எழுத்தைக் கொண்டு ஏடு படித்தான். படிக்கப் படிக்கத் தானும் எழுத ஆசைப்பட்டான். ஆனால் அவன் எழுதியதைப் பார்த்து, இது சரி, இது பிழை என்று சொல்வதற்கு ஓர் ஆளில்லை. அந்த ஆளாக நாளேடு வந்து நின்றது. கதை வகுப்பின் சிறப்பு இதுவேயாம்.

மற்றொரு குறையும் இருந்தது. கப்பலில் வந்த ஆனந்த விகடன், கல்கி, கலைமகள் முதலிய இதழ்களே பலருக்கு இலக்கணம். அதனால் அக்காலத்துக் கதைகள் பலவற்றில் காவிரிக் கரையும் அக்கிரகாரமும் வந்தன. எழுதியவர் வாழ்ந்ததோ பெரட்டுக் களத்துக்கும் பால் ஸ்டோருக்கும் நடுவில். தன் கண்முன் நடப்பது கதையாகும் என்ற துணிவே பலருக்கு வரவில்லை. 1950-களில் தோட்டமும் லயமும் கதைகளில் இடம்பெறத் தொடங்கியதை ஆய்வாளர் பலரும் குறித்துள்ளனர். அம்மாற்றம் முழுவதும் ஒரே வகுப்பால் வந்தது என்று கூறுவது மிகை. போருக்குப் பின் இந்நாடே தாய்நாடு என்னும் உணர்வு வளர்ந்ததும் அதற்குப் பெருங்காரணம். ஆயினும் அவ்வுணர்வு கதையாக உருப்பெறுவதற்குப் பழக்கம் வேண்டியிருந்தது. அதனை வகுப்பு கொடுத்தது.

பயிற்சிக் கல்லூரி முடித்த எந்த ஆசிரியரும் ஒன்று அறிவார். கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடத்தைவிட, மாணவனின் கட்டுரை நோட்டில் விழுந்த சிவப்பு மை அதிகம் கற்பிக்கும். தொடக்கம், முடிவு, உரையாடல் என்று ஏட்டில் விளக்குவது எளிது. வந்த தாள்களைப் பொறுமையாகப் படித்து மதிப்பிடுவதே கடினம். ஏட்டு அலுவலகத்தில் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கியது சாதாரணச் செயலன்று.

வகுப்பினால் ஓர் ஆபத்தும் உண்டு. விதியைப் பிடித்துக்கொண்டு எழுதினால் எல்லாக் கதையும் ஒரே அச்சில் வார்த்தது போல ஆகிவிடும். இதற்கு மாற்று, நல்லதைப் படித்து இனங்காணும் பழக்கம். தமிழ் முரசில் 1952-ல் சுப. நாராயணன் 'ரசனை வகுப்பு' நடத்தியது அவ்வகையில் பொருத்தமான அடுத்த படி. எழுதக் கற்பித்தவரே படிக்கக் கற்பிக்க வந்தார்! வரிசை தலைகீழ் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் எழுதிப் பார்த்தவனுக்கே பிறர் எழுத்தின் அருமை தெரியும். அதே ஏட்டின் 'மாணவர் மணிமன்றம்' பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் கொடுத்தது.

இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி 1950-களின் முற்பகுதியில் கோலாலம்பூர் வந்து, 1957 வரை தமிழ் நேசனில் பணியாற்றினார். அவர் முறை வேறு. பாடம் சொல்வதைவிடத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பாக இருந்தார்; எழுத்தாளரைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசினார். பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எதையும் போடாத ஆசிரியரிடம் திரும்பி வந்த கதை, எழுதியவனுக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். எனினும் அந்தக் கசப்பும் ஒரு கல்வியே. அவருக்கு 1970-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசு, அவர் மறைந்தபின் வழங்கப்பெற்றது.

பின்னர் இப்பணி ஏடுகளிலிருந்து சங்கங்களுக்கும் மெல்ல நகர்ந்தது. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் 1962-ல் தோன்றியது. 1970-களில் முருகு சுப்பிரமணியன் தமிழ் நேசனில் நல்ல கதைக்குப் பவுன் பரிசு கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1977-ல் 'இலக்கியக் களம்' அமைத்து, வெளிவரும் கதைகளை மதிப்பிடச் செய்தார். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் 'கதைக்களம்' என்னும் மாதக் கூட்டத்தில் புதியவர்கள் தம் கதையைப் படித்துக் கருத்துக் கேட்கின்றனர்.

தமிழ் நேசன் 2019-ல் நின்றது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் கணினித் தொகுப்பில் இன்று யாரும் புரட்டலாம். அச்சேறிய கதைகள் அங்கே கிடைக்கும். அச்சேறாமல் திரும்பிப் போனவையோ, தோட்டத்து லயங்களில் தகரப் பெட்டிகளுக்குள் போனவை.