இருபத்தேழாம் பிரிவு

மனுநீதிச் சோழனின் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நாம் அறிவோம். முறையிடும் வழியை மன்னனே அமைத்து வைத்தான். மக்களாட்சியில் அந்த மணியின் கயிறு அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதனை இழுத்துப் பார்த்த ஓர் இயக்கத்தின் வரலாறு இது.

நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் 1996இல் தென்னாப்பிரிக்கா இயற்றிய அரசமைப்பின் 27ஆம் பிரிவு, மருத்துவம் பெறுவதை அனைவரின் உரிமை ஆக்கியது. கையிலுள்ள வளத்திற்கேற்ப அரசு அதனைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்றும் பணித்தது. ஆனால் எய்ட்ஸ் நோய் பரவிய அந்நாட்டில் மருந்தின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது.

1998 டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளில், கேப் டவுன் நகரில் 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' பிறந்தது. அதனைத் தொடங்கியோருள் முதன்மையானவர் ஸாக்கி அக்மத். எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளானவர். பொது மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு மருந்து கிடைக்கும்வரை தாமும் அதனை உண்பதில்லை என்று அவர் உறுதி பூண்டார். 2002இல் நெல்சன் மண்டேலாவே நேரில் வந்து வேண்டியும் அவர் இசையவில்லை.

மலிவான மருந்துக்கு வழிசெய்த 1997ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2001இல் இவ்வியக்கம் அரசின் பக்கம் நின்று வாதிட்டது. உலகெங்கும் கண்டனம் எழவே, ஏப்ரல் மாதம் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அதே ஆண்டிலேயே அந்த அரசை எதிர்த்து வழக்காட நேர்ந்ததுதான் வரலாற்றின் முரண். பேறுகாலத்தில் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த குழந்தைக்குச் சில துளிகள் என, தொற்றைப் பெரிதும் தடுக்கவல்ல மருந்து நெவிரபின். ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர அதன் தயாரிப்பாளரே முன்வந்திருந்தார். ஆயினும், எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்று ஐயுற்ற குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கியின் அரசு, மாகாணத்திற்கு இரண்டு இடங்களில் மட்டுமே அதனை அனுமதித்தது. கொள்கை வகுப்பது தன் வேலை, நீதிமன்றத்தின் வேலையன்று என்றும் வாதிட்டது. 2002 ஜூலை 5 அன்று அரசமைப்பு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்து, அந்தத் தடையைத் தாமதமின்றி நீக்க ஆணையிட்டது. 2003 நவம்பரில் நாடு தழுவிய சிகிச்சைத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டில்தான், தோழர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கி, அக்மத்தும் மருந்துண்ண இசைந்தார்.

தீர்ப்பு வந்தது, காலம் கடந்து வந்தது. 2000 முதல் 2005 வரை அரசின் தயக்கத்தால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின என்று ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டனர். சோழன் கதையில் இறந்த கன்று இறையருளால் உயிர்பெற்று எழுந்தது; இங்கோ இறந்தோர் மீளவில்லை அன்றோ?

இப்போராட்டங்களில் தோள்கொடுத்த எய்ட்ஸ் சட்டத் திட்டம் என்னும் வழக்கறிஞர் அமைப்பு, 2010இல் தன் பெயரை 'செக்‌ஷன் 27' என மாற்றிக்கொண்டது. ஏட்டில் உறங்கிய ஒரு பிரிவின் எண்ணே அமைப்பின் பெயராயிற்று. சட்டம் அறமாவது, அதனைப் பற்றிக்கொண்டு கேட்போர் இருக்கும்போதுதான்.