பெட்டிக்குள் புகுந்த காற்று

ஆவணி மாத மாலை வேளையில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ மொட்டை மாடியில் நின்றிருக்கிறீர்களா? அதுவரை கிழக்கேயிருந்து கடற்காற்று மெல்ல வீசிக்கொண்டிருக்கும். திருவள்ளூர்ப் பக்கம் வானம் கறுக்கும். சட்டென்று காற்று நின்று, மறுகணம் மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு குளிர்ந்த காற்று அடிக்கும். கொடியில் காயும் துணி எதிர்ப்பக்கமாகப் பறக்கும். மழை சற்றுப் பின்னால்தான் வரும்.

நமக்கு அது துணிகளை எடுக்க ஓடும் நேரம். அந்த வேளையில் மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழ்ந்து வரும் விமானத்தின் விமானிக்கோ அது உயிர்ப் பிரச்சினை. இந்தக் காற்றைத் தரையிலேயே ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்துப் பழக்க முடியுமா? விடை கிடைக்க ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயின.

பெட்டியைச் செய்தவர் எட்வின் லிங்க். அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்த ஒருவரின் மகன். ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, சாயவும் திரும்பவும் கூடிய ஒரு குட்டி விமானத்தை 1929-இல் அவர் உருவாக்கினார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களில் விளையாட்டுப் பொருளாகத்தான் விலைபோயிற்று! 1934-இல் தபால் சுமக்கப் போன அமெரிக்க ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டனர். அதன் பிறகே ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. பின்னர் கணிப்பொறி வந்தது. பெட்டி ‘சிமுலேட்டர்’ ஆயிற்று. ஆனால் இடிமேகத்தின் காற்று மட்டும் அதற்குள் வரவில்லை. தரையை ஒட்டி அது எப்படி விரிகிறது என்பதை யாரும் சரிவர அளந்திருக்கவில்லை. அளக்காததைப் பொறிக்குள் எப்படி வைப்பது?

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆவடிச் சாலையில் சைக்கிளில் போகிறீர்கள். எதிர்காற்று அடித்தால், சக்கரம் அதே வேகத்தில் சுழன்றாலும் முகத்தில் படும் காற்று கூடுகிறது அல்லவா? விமானத்தைத் தாங்குவதும் இறக்கைமேல் ஓடும் இந்தக் காற்றே. வேகமானி காட்டுவதும் இதையே. 140 நாட் வேகத்தில் இறங்கும் விமானத்தின் எதிர்காற்று திடீரென 30 நாட் கூடினால் முள் 170-க்குத் தாவும். வேகம் மிஞ்சுவது தேர்வில் குறை. இறக்கையில் நீட்டியிருக்கும் ஃபிளாப்புகளுக்கும் ஆபத்து. எனவே பழகிய கை எஞ்சின் விசையைக் குறைக்கும். அடுத்த சில விநாடிகளில் காற்று பின்புறமிருந்து அடிக்கும். கூடியதும் போய், இருந்ததும் போய், விமானம் விழத் தொடங்கும். அமைதியான காற்றில் சரியான பாடம், இங்கே கொல்லும் பாடமாகிறது.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் ஒரு போயிங் 727 இப்படி ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 113 பேர் இறந்தனர். அதை ஆராய்ந்தவர் ஜப்பானில் பிறந்த தெத்சுயா ஃபுஜிதா. 1945-இல் அணுகுண்டு வெடித்த நாகசாகியைச் சென்று பார்த்தவர். அங்கு கண்ட, ஒரு புள்ளியிலிருந்து நாற்புறமும் சிதறிய தடயங்கள் அவர் மனத்தில் இருந்தன. மழைநீர் ஆவியாகும்போது குளிர்ந்து கனத்த காற்று மேகத்திலிருந்து செங்குத்தாக விழுந்து, குழாய்நீர் சிமெண்டுத் தரையில் சிதறுவதுபோல் எல்லாத் திசையிலும் விரிகிறது என்றார் அவர். பலர் நம்பவில்லை. 1982-இல் டென்வர் அருகே டாப்ளர் ரேடார்களால் அளந்தபோது அவர் சொன்னது மெய்யாயிற்று.

ஆனாலும் 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லஸில் மீண்டும் அதே கதை. டெல்டா நிறுவன விமானத்தின் வேகம் 173 நாட்டுக்கு (320 கி.மீ.) ஏறியது, விசை குறைக்கப்பட்டது, பிறகு வேகம் 119 நாட்டுக்கு (220 கி.மீ.) சரிந்தது. 137 பேர் மாண்டனர். அந்த விமானத்தின் பதிவுக் கருவியிலிருந்தே அன்றைய காற்றை மீட்டுச் சிமுலேட்டருக்குள் புகுத்தினார்கள். 1987-இல் வந்த பயிற்சித் திட்டம் விதியை மாற்றி எழுதியது: முதலில், அந்த மேகத்தின் அடியில் நுழையாதே, சிக்கிக்கொண்டால் முழு விசை கொடு, மூக்கை 15 பாகை அளவுக்கு உயர்த்து, சக்கரத்தையும் ஃபிளாப்பையும் தொடாதே. வேகமானி தானாக ஏறுவது மகிழ்ச்சிச் செய்தி அல்ல, முன்னெச்சரிக்கை என்று அப்போதுதான் பாடமாயிற்று.

மிக உயரத்திலும் காற்று இப்படி விளையாடும். 2025 மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் பதான்கோட் அருகே ஆலங்கட்டி மேகத்தில் சிக்கியது. மேலும் கீழுமாய் அடித்த காற்றில், வேகம் மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையும், வேகம் போதாமல் இறக்கை தாங்காது என்ற எச்சரிக்கையும் ஒரே போராட்டத்தில் ஒலித்தன! தானியங்கி விலகியது. நிமிடத்துக்கு 8,500 அடி வீதத்தில் விமானம் இறங்கியது. எந்த ஒலியை நம்புவது? விமானிகள் கையாலேயே ஓட்டி மேகத்தைக் கடந்தனர். மூக்குப் பகுதி சிதைந்தும் எல்லோரும் நலமாக இறங்கினர்.

நம் ஊருக்கே வருவோம். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை வடமேற்கே மனத்தில் நீட்டினால் கோடு பூந்தமல்லிப் பக்கம் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நெருங்கிய வேளையில், சென்னை ஓடுபாதையில் சக்கரம் பதிக்க வந்த ஒரு விமானம் பக்கக்காற்றில் சாய்ந்தாடியது. இறங்கியே தீருவேன் என்று விமானி நிற்கவில்லை; முயற்சியைக் கைவிட்டு விமானத்தை மீண்டும் வானுக்கு எழுப்பிவிட்டார்.