ஒரே விரலில் வாசித்த பேஸ் கித்தார் – இசைத்தட்டில் பெயர் இல்லாத ஜேம்ஸ் ஜேமர்சன் யார்?

1983 மார்ச் 25. கலிஃபோர்னியாவின் பசடினா நகரில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் 25ஆம் ஆண்டுக் கொண்டாட்டம். மைக்கல் ஜேக்சன் 'மூன்வாக்' ஆடி உலகத்தை வாய்பிளக்க வைத்தது அந்த மேடையில்தான்.

அதே அரங்கின் மேல்மாடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியே கூடுதல் விலைக்கு விற்றவரிடம் நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வந்தவர். மோட்டவுனின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் கித்தார் வாசித்தவரே அவர்தான். பெயர் ஜேம்ஸ் ஜேமர்சன். மேடைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவர் காலமானார்.

பேஸ் கித்தார் வாசிப்போர் இன்றும் அவரைக் குருவாக நினைக்கின்றனர். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் அவர்களில் ஒருவர். அப்படி என்னதான் செய்தார் ஜேமர்சன்?

முதலில், பேஸ் கித்தார்னா என்ன?

பாட்டு கேட்கும்போது காதைவிட நெஞ்சில் 'தும் தும்' என்று உணர்கிறோமே, பெரும்பாலும் அதுதான். இருக்கும்போது பலர் கவனிப்பதில்லை. எடுத்துவிட்டால் பாட்டு வெறிச்சோடிப் போகும்.

வழக்கமான கித்தாரில் 6 கம்பிகள். பேஸ் கித்தாரில் பொதுவாக 4. ஒலி ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். ஆகக் கனமான கம்பி வினாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைச் சரியாகத் தர முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் பாடல்களைத் தேடிக் கேட்பதென்றால் நல்ல காதொலிக் கருவி மாட்டிக்கொள்ளுங்கள்.

1950களுக்கு முன் இந்த வேலையைச் செய்தது 'டபுள் பேஸ்'. ஆள் உயரத்தைத் தாண்டும் மர வாத்தியம். தூக்கிக்கொண்டு போவதே பெரும்பாடு. அதோடு, டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும்போது அதன் சத்தம் அமுங்கிவிடும்.

வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டர் 1951இல் ஒரு வழி கண்டார். தோளில் மாட்டிக்கொள்ளும் மின் பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெயர் 'பிரிசிஷன் பேஸ்', அதாவது துல்லியமான பேஸ். டபுள் பேஸின் கழுத்து வழவழப்பாக இருக்கும். விரல் ஒரு நூல் தள்ளினாலும் சுருதி பிசகும். ஃபெண்டரோ வீணையில் இருப்பதுபோல் மெட்டுகளைப் பொருத்தினார். சுருதி துல்லியமாக நின்றது.

பலகைபோன்ற கட்டையிலிருந்து எப்படிச் சத்தம் வருகிறது? கம்பிகளுக்கு அடியில் காந்தம் இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். இதுதான் 'பிக்கப்'. மேலே உள்ள எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசையும். செம்புச் சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெருக்கிக் கொடுப்பது ஆம்ப்ளிஃபையர். அவ்வளவுதான் விஷயம்.

டெட்ராய்ட்டில் ஒரு வீடு

ஜேமர்சன் 1936இல் தென் கரோலைனா மாநிலத்தின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். 1954இல் தாயாருடன் டெட்ராய்ட் போனார். பள்ளியில் டபுள் பேஸ் கற்றார், ஜாஸ் விடுதிகளில் வாசித்தார்.

1959இல் பெரி கோர்டி என்பவர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி அங்கே ஓர் இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் மோட்டவுன். வெஸ்ட் கிராண்ட் சாலையில் ஒரு சாதாரண வீடு. அதற்குள் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை. கலைஞர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'பாம்புக் குழி'. பாடகர்கள் மாறுவார்கள். பின்னால் வாசிக்கும் குழு பெரும்பாலும் அதேதான். தங்களை 'ஃபங்க் பிரதர்ஸ்' என்று அழைத்துக்கொண்ட அந்தக் குழுவின் பேஸ் கலைஞர் ஜேமர்சன்.

அவர் அதிகம் வாசித்தது 1962இல் தயாரிக்கப்பட்ட ஒரு பிரிசிஷன் பேஸ். செல்லப்பெயர் 'ஃபங்க் மெஷின்'.

விரல், கம்பி, ஸ்பாஞ்சு

பொதுவாக பேஸ் வாசிப்பவர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஜேமர்சனுக்கு ஆள்காட்டி விரல் ஒன்றே போதும். டபுள் பேஸில் வந்த பழக்கம் அது. அந்த விரலுக்கே 'ஹூக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள், கொக்கி என்று பொருள். ஃபோர் டாப்ஸ் குழுவின் 'பெர்னடெட்' பாடலைக் கேட்டால் ஒற்றை விரல் என்று நம்பவே முடியாது.

அடுத்தது கம்பி. அவர் பயன்படுத்தியது 'ஃபிளாட்வூண்ட்' வகை. உள்கம்பியின்மேல் தட்டையான நாடா சுற்றியிருக்கும். தொட்டால் வழுக்கும், ஒலி கருக்கலாக, உருண்டையாக வரும். அறுந்தால் ஒழிய அவர் கம்பி மாற்றுவதில்லை. வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால்தான் அந்த ஒலி வரும் என்பது அவரது உறுதியான நம்பிக்கை. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதில் அறிவியல் உண்டு. பழைய கம்பியில் கூர்மையான மேல்ஒலிகள் மங்கி, அடிநாதம் முன்னுக்கு வரும்.

அப்புறம் ஸ்பாஞ்சு. கம்பிகள் முடியும் இடத்தில் உள்ள உலோக மூடிக்குள் ஒரு துண்டு ஸ்பாஞ்சு கம்பிகளை அழுத்திக்கொண்டிருக்கும். கோயில் மணியை அடித்தவுடன் கையால் பிடித்தால் எப்படி இருக்கும்? ஒலி எழும், உடனே அடங்கும். ஒவ்வொரு ஸ்வரமும் இப்படிச் சட்டென்று அடங்குவதால் அடுத்த ஸ்வரத்துக்கு இடம் கிடைக்கிறது. முக்கியமாக, பாடகரின் குரலுக்கும்.

அதே வகைக் கம்பி, அதே மாதிரிக் கித்தார் எல்லாம் இப்போது கடையில் கிடைக்கும். வாங்கினால் நிறம் கிடைக்கும், ஓவியம் கிடைக்காது. அன்றைய பேஸ் பெரும்பாலும் தாளத்தோடு ஒட்டி அடிப்படை ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. ஜேமர்சன் பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டையே ஓடவிட்டார். ஸ்டீவி வொண்டரின் 'ஃபார் வன்ஸ் இன் மை லைஃப்' பாடலில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் நிற்காது. ஆனாலும் பாடகர் மேல் இடிக்காது.

ஏன் பெயர் போடவில்லை?

மோட்டவுன் விற்றது பாடகர்களின் முகத்தை. பின்னால் வாசிப்பவர்களுக்கு வாசித்ததற்குக் கூலி உண்டு. இசைத்தட்டு பத்து லட்சம் விற்றாலும் அதில் பங்கு இல்லை. உறையில் பெயரும் இல்லை. கலைஞர்களின் பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போகும் என்ற கணக்கும் இருந்ததாகச் சொல்வார்கள். வியாபாரமாக அது சரியாக இருக்கலாம். நியாயமா என்பது வேறு கேள்வி.

'மை கேர்ள்' பாடல் பேஸில் தொடங்கும். அதன்மேல் ஏறி வரும் கித்தாரை வாசித்தவர் ராபர்ட் வைட். பிற்காலத்தில் ஓர் உணவகத்தில் அவர் சாப்பிடக் காத்திருந்தபோது அந்தப் பாட்டு ஒலித்தது. 'இது நான் வாசித்தது' என்று பணியாளரிடம் சொல்ல வாயெடுத்தவர், கிழவர் உளறுகிறார் என்று நினைப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டாராம். உடனிருந்த எழுத்தாளர் ஆலன் ஸ்லட்ஸ்கி சொன்ன தகவல் இது.

ஜேமர்சனின் பெயர் உறையில் வந்தது 1971இல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில். ஒலிப்பதிவு இரவில் மது அதிகமாகி உட்கார முடியாமல், தரையில் மல்லாந்து படுத்தபடியே அவர் தலைப்புப் பாடலை வாசித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, வாசிப்பில் ஒரு பிசிறு கிடையாது.

1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறியது. ஜேமர்சனும் பின்னால் போனார். ஆனால் காலம் மாறிவிட்டது. லாரி கிரகம் பெருவிரலால் கம்பியை அறைந்து வாசிக்கும் 'ஸ்லாப்' பாணி பிரபலமாகியிருந்தது. பளீரென்று ஒலிக்கும் புதுக் கம்பிகளைக் கேட்டார்கள் தயாரிப்பாளர்கள். அவர் மறுத்தார். வாய்ப்பு குறைந்தது, குடி கூடியது. 1983 ஆகஸ்ட் 2ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 47.

ஸ்லட்ஸ்கி 1989இல் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் வந்த பிறகுதான் வெளியுலகம் பெயரைக் கேட்டது. 2000இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வந்தது.

பெயர் எழுதாததால் வந்த சிக்கல் இன்னும் தீரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பேஸ் கலைஞர் கேரல் கே, சில மோட்டவுன் பாடல்களில் வாசித்தது தாம் என்கிறார். ஜேமர்சன் தரப்பினர் இல்லை என்கின்றனர். உறையில் ஒரு வரி இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளருக்கு மட்டுமின்றி இசைக்கலைஞர் போன்ற நிகழ்ச்சி படைப்போருக்கும் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. சில விதிவிலக்குகள் உண்டு.

ஜேமர்சனின் 'ஃபங்க் மெஷின்' என்ன ஆனது? அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு அது திருடுபோனது. கழுத்தின் அடிப்பாகத்தில் அவர் கைப்பட 'ஃபங்க்' என்று எழுதிய அந்தக் கித்தார் திரும்பக் கிடைத்ததாக இன்றுவரை தகவல் இல்லை.