தேசவழமையும் பிள்ளை வளர்ப்பும்

தாய் வயலுக்கோ சந்தைக்கோ சென்றவிடத்து, வேலிப் பொட்டினூடே அயல் வீட்டிற்குச் சென்று அங்கேயே உண்டு உறங்கிவிடும் பிள்ளையை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் யாவரும் கண்டிருப்பர். அப்பிள்ளையைப் பார்த்தமைக்குக் கூலி பேசுவாரும் இலர். கணக்கு வைப்பாரும் இலர். இனத்தவரும் அயலவரும் செய்துவந்த இவ்வுதவி வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. மன்னர் செய்த போரும் கோயிற் றிருப்பணியும் கல்லிலே பொறிக்கப்பட்டன. இறந்த மகள் விட்டுச்சென்ற குழந்தையைப் பேர்த்தியார் ஒருவர் வளர்த்து ஆளாக்கிய செய்தியைக் கல்லிற் பொறிப்பார் யார்? எனினும், இத்தகைய வளர்ப்பினைக் குறித்துத் தெளிவாகப் பேசும் பழைய ஆவணமொன்று நம்மிடையே உண்டு. அதுவே தேசவழமை.

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாகப் பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கச் செய்யுள்களிலே நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாய் பேசப்படுகின்றாள். அவள் மகளே தலைவிக்குத் தோழியாவாள் என்பது தொல்காப்பியர் கருத்து. பெற்றோரை இழந்த மருணீக்கியாரின் பொருட்டே தமக்கையார் திலகவதியார் உயிர் தாங்கினார் என்பதும், நம்பியாரூரரை நரசிங்கமுனையரையர் பெற்றோரிடம் வேண்டிப் பெற்று வளர்த்தார் என்பதும் பெரியபுராணச் செய்திகள். முன்னது உடன்பிறப்பின் கடமை. பின்னது நட்பின் உரிமை. இவையெல்லாம் அன்பின் சிறப்பைக் கூறுவன. அன்பு தளர்ந்தவிடத்து அப்பிள்ளைக்குக் காப்பு யாது? இவ்வினாவிற்கு விடை காணவே தேசவழமையை நாடல் வேண்டும்.

ஒல்லாந்தத் தேசாதிபதி சிமோன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்கு நிலவிய வழக்கங்களைத் தொகுத்து 1707இல் ஒப்புவித்தார். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலிமார் பார்வையிட்டு உடன்பட்ட பின்னரே ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். எழுதியவர் அந்நியர், எழுதப்பட்டதோ நம்மவரிடை முன்னரே வழங்கிய வழக்கம் என்க.

பிள்ளை வளர்ப்புப் பற்றி அந்நூல் கூறுவனவற்றுள் மூன்றினை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, தாய் இறக்கத் தந்தை மறுமணஞ் செய்ய விரும்பும் நிலை. அப்பொழுது இளம் பிள்ளைகளைத் தாயைப் பெற்றவளோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கம். பிள்ளைகளை ஒப்புவிக்குங்கால், இறந்த மனைவி கொண்டுவந்த சீதனம் முழுவதையும், அம்மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை உடன் ஒப்புவித்தல் வேண்டும்.

இரண்டாவது, தாய் தந்தை இருவரும் இறந்த நிலை. இருபக்கத்து உறவினரும் ஒருங்குகூடி, பிள்ளைகளை யாரிடம் ஒப்புவிப்பதென ஆராய்ந்து ஒருவரைத் தெரிவர். பெற்றோர் விட்டுச்சென்ற சொத்தும் ஆராயப்பட்டு, உரிய காலத்திற் பிள்ளைகட்கே சேர்ப்பிக்கும் கடமையோடு அவரிடம் கையளிக்கப்படும்.

மூன்றாவது, பிள்ளையற்றோர் சுவிகாரஞ் செய்யும் நிலை. சகோதரர் முதலிய உரித்தாளர் உடன்பாட்டிற்கு அறிகுறியாக மஞ்சள் நீரில் விரல் தோய்க்க, அந்நீர் சாட்சிகள் முன்னிலையிற் பருகப்படும்.

இம்மூன்றிற்கும் பொதுவாய் நிற்பது ஒன்றுண்டு. பிள்ளை ஒருவர் மனைக்குச் செல்கின்றது. ஆனால் பலர் அறியச் செல்கின்றது. தாயின் சொத்தும் அதனோடு செல்வதால், வளர்ப்பவர்க்கு அது பாரமாவதில்லை. தந்தையின் புதுக் குடும்பத்திற் கரைந்து போவதும் இல்லை. இருபக்கத்தாரும் கூடித் தெரிந்தமையால், வளர்ப்பவர் வழுவினாற் கேட்பதற்கு ஆளுண்டு. உறவினரின் அன்பை நம் முன்னோர் நம்பினர். ஆயின், அவ்வன்பை மாத்திரம் நம்பிப் பிள்ளையை விட்டுவிடவில்லை. இதுவே தேசவழமை நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.

இதன் குறையையும் மறைத்தல் ஆகாது. சீதனமும் தேட்டமும் உள்ள குடும்பத்தையே இவ்விதிகள் கண்முன் கொண்டன. ஏதும் இல்லாத பிள்ளைக்கு எதனை ஒப்புவிப்பது? அத்தகைய பிள்ளை உறவினர் வீட்டில் உணவுக்கு ஈடாக வேலை செய்து, பள்ளி காணாது வளர்ந்ததும் உண்டு. வளர்ப்புப் பிள்ளை, வேலைக்காரப் பிள்ளை என்னும் இரண்டிற்கும் இடையேயுள்ள கோடு பல இல்லங்களில் மிக மெல்லியதாகவே இருந்தது. கேட்பதற்கு ஆளில்லாதவிடத்து அக்கோடு அழிந்துபோதல் எளிது.

பிற்காலச் சட்டங்கள் இக்குறையை ஓரளவு நீக்க முயன்றன. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளைச் சுவிகரித்தற் கட்டளைச் சட்டம் சுவிகாரத்தை நீதிமன்றத்தின் கட்டளைக்கு உட்படுத்தியது. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளிற் பெற்றோரை இழந்த பிள்ளைகளுட் பெரும்பாலோரை உறவினரே ஏற்றுக்கொண்டனர். மறு ஆண்டில் இயற்றப்பட்ட 16ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் வளர்ப்பினைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் கண்காணிப்பிற் கொண்டுவந்தது. உறவினரை விலக்காது, அவர்க்கு ஒரு சாட்சியை நிறுத்தும் இம்முறை, 1707இல் எழுதப்பட்ட வழக்கத்திற்கு அயலானதன்று.

போரினால் ஊர்கள் இடம்பெயர்ந்த காலத்தில் இருபக்கத்து உறவினரும் ஒருங்குகூடுவது இயலாதாயிற்று. ஒருவர் முகாமில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கடல் கடந்த நாட்டில். தேர்ச்சி அறிக்கையிற் பெற்றோர் ஒப்பமிடவேண்டிய இடத்திற் பேர்த்தியார் நடுங்குங் கையால் இட்ட ஒப்பத்தை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். அவர் பிள்ளையை ஏற்றார். பலரறிய அவரிடம் ஒப்புவித்தார் ஒருவரும் இலர். அவர்க்குப் பின் யார் என்று ஆராய்ந்தாரும் இலர்.

ஆதலின், ஒப்பத்தைக் கண்ட ஆசிரியரும், வேலிக்கு அப்பாலுள்ள அயலவரும், உடன் பயிலும் மாணவரின் பெற்றோருமே இன்று அக்கூட்டத்தின் இடத்தில் நிற்கின்றனர். அப்பிள்ளை உண்டதா, கற்கின்றதா, அதற்குரியது அதனிடம் சேர்ந்ததா எனக் கேட்கும் கடமை நம்முடையதே. முன்னோர் அதனைக் கூடிநின்று கேட்டனர், நாமும் கேட்போமாக.