ஆயிரத்தைந்நூறு ரூபாய்க் கயிறு

உங்களிடம் கார் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து, முதல் பக்கத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் பொடி எழுத்தைக் கொஞ்சம் படியுங்கள். (பிரீமியம் எவ்வளவு, டிஸ்கவுண்ட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு பீரோவில் வைப்பதுதான் நம்ம வழக்கம், தெரியும் :-)) விபத்தில் அடிபட்டு வண்டி நகர முடியாமல் நின்றால், அதைப் பாதுகாக்க, பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போக, ரிப்பேர் முடிந்து உங்களிடம் திரும்பச் சேர்க்க ஆகும் நியாயமான செலவைக் கம்பெனி ஏற்கும் என்று ஒரு வாக்கியம் வரும். அதன் வாலில், எல்லாம் சேர்த்து ஒரு விபத்துக்கு 1500 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று இருக்கும். பல கம்பெனிகளின் அடிப்படை பாலிசியில் இன்னும் அதே தொகைதான்.

அது எங்கிருந்து வந்தது என்று தேடப்போய் கொஞ்சம் சரித்திரம் கிடைத்தது. பேங்க்காரனுக்குப் பழைய சர்க்குலர் படிப்பதென்றால் ஒரு சந்தோஷம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது 1939ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ். ஆனால் அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். அதுவும் மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும். நம் வண்டிக்கு ஆகும் சேதம் நாமாக விரும்பி எடுப்பது. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுக்க அரசுடைமை. 107 கம்பெனிகளை நான்காகச் சேர்த்தார்கள்: கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், நம்ம சென்னையில் யுனைடெட் இந்தியா. நான்கு கடை இருந்தாலும் சரக்கு ஒன்றுதான். டாரிஃப் அட்வைசரி கமிட்டி என்ற அமைப்பு விலையையும் வாசகத்தையும் நிர்ணயிக்கும், அதில் ஒரு கமா கூட மாற்றமுடியாது.

அந்த டாரிஃபின் கடைசிப் பெரிய திருத்தம் 2002 ஜூலை 1 முதல் அமலானது. இழுவைச் செலவுக்கு அதில் போட்ட வரம்பைப் பாருங்கள். டூவீலருக்கு 300 ரூபாய், மூன்று சக்கர வண்டிக்கு 750, காருக்கும் டாக்ஸிக்கும் 1500, லாரி போன்ற மற்ற வணிக வண்டிகளுக்கு 2500. சரக்கோடு கவிழ்ந்த லாரியை 2500 ரூபாயில் எப்படித் தூக்குவது என்று யாராவது கேட்டிருப்பார்களா? தங்கக் கணக்கில் பார்த்தால், 2002ல் 1500 ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்று கிராம் கிடைத்திருக்கும். இன்று கால் கிராம் கூடத் தேறாது.

அப்போது அது பெரிய குறையாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அன்றைய இழுவை என்பது பெரும்பாலும் ஒரு கயிறு, எதிரே வந்த ஒரு லாரி, டிரைவர் கையில் கொஞ்சம் டீக்காசு. வடக்கே இதை 'டோச்சன்' என்பார்கள். டோ-செயின் என்பது வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. மாருதி 800 மாதிரி வண்டியை நான்கு பேர் சேர்ந்தால் ஓரங்கட்டிவிடலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பாக்ஸ் போய்விடும், ஓட்டும் சக்கரங்களைத் தூக்கித்தான் கொண்டுபோகவேண்டும் என்ற கவலையெல்லாம் அன்று பலருக்குக் கிடையாது.

அமெரிக்காவில் இந்தக் கதை 1916லேயே வேறு பாதையில் போய்விட்டது. டென்னசியில் சாட்டனூகா என்ற ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்று ஒரு மெக்கானிக். அவருடைய பழைய ஆசிரியர் கார் ஓடையில் கவிழ்ந்துவிட, ஆறு பேரும் கயிறும் கட்டைகளுமாக அதை வெளியே எடுக்க எட்டு மணி நேரம் ஆனதாம். மனுஷர் அதோடு விடாமல், ஒரு பழைய காடிலாக் மேல் கம்பங்களும் கப்பியும் சங்கிலியும் பொருத்தி இழுவை வண்டி செய்து, பேடண்டும் வாங்கிவிட்டார். அந்த ஊரில் இன்று இதற்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது.

எனக்கு இதைவிட சுவாரசியமாகப் பட்டது, நடுரோட்டில் நின்றவனுக்கு யார் உதவவேண்டும் என்ற கேள்விக்கு அந்தக் காலம் சொன்ன பதில். இன்ஷூரன்ஸ் கம்பெனி அல்ல, சங்கம். பிரிட்டனில் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905ல் தொடங்கியது போலீஸின் வேகப் பொறிகளிலிருந்து உறுப்பினர்களைக் காப்பாற்ற! முன்னால் போலீஸ் நின்றால் சங்கத்தின் ரோந்து ஆள் சல்யூட் அடிக்கமாட்டார். சல்யூட் வராவிட்டால் வேகத்தைக் குறைக்கவேண்டும். அந்த ரோந்துக்காரர்கள்தான் வழியில் நின்ற வண்டியையும் கவனித்தார்கள். இங்கே மும்பையில் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1919லிருந்து இருக்கிறது. சென்னை, கல்கத்தா, டெல்லியிலும் இதேபோல் உண்டு. சந்தா கட்டிய உறுப்பினர் வண்டி நின்றால் ஆள் வரும்.

2002 டாரிஃபில் இன்னொரு விதி உண்டு. அங்கீகரித்த ஆட்டோமொபைல் சங்கத்தில் நீங்கள் உறுப்பினர் என்றால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 5 சதவீதம் தள்ளுபடி, காருக்கு அதிகபட்சம் 200 ரூபாய். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. "உன் வண்டிக்கு ஆன சேதத்துக்குப் பணம் தருவது என் வேலை, உன்னை ரோட்டிலிருந்து கூட்டிவருவது சங்கத்தின் வேலை, அங்கே சேர்ந்துகொள், 200 ரூபாய் குறைக்கிறேன்" என்று இன்ஷூரன்ஸ் தன் எல்லையைத் தானே வரைந்து வைத்திருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் சங்கத்தில் சேர்ந்தோம்? வெளிநாடு போகும்போது இன்டர்நேஷனல் லைசென்ஸ் வாங்கத்தான் பலருக்கு அந்த ஆபீஸ் வாசலே தெரியும்.

இதன் பலனை என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அனுபவித்தார். மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வே, காட் ஏற்றம். (அந்த ரோடு முழுதாகத் திறந்ததும் இதே 2002தான்.) வாட்டர் பம்ப் போய், இன்ஜின் கொதித்து, வண்டி நின்றுவிட்டது. முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக ஒரு தனியார் இழுவை வண்டியைப் பிடித்து, அவன் கேட்ட ஆறாயிரத்தைக் கொடுத்து வீடு வந்து, பில்லை அனுப்பினார். கம்பெனி பதில் ஒரே வரி: இது விபத்து இல்லை, பிரேக்டவுன். 1500 கூட இல்லை. மனுஷர் ஒரு வாரம் கேண்டீனில் இதையே பேசிக்கொண்டிருந்தார்.

கம்பெனி சொன்னது விதிப்படி சரி. இயந்திரக் கோளாறு, மின் கோளாறு, தேய்மானம் எல்லாம் பாலிசியில் விலக்கு. இன்ஷூரன்ஸ் என்பது எதிர்பாராத இழப்புக்கு ஈடு, பராமரிப்புச் செலவுக்கு அல்ல என்று பி.காமில் எங்களுக்கும் சொல்லித்தந்தார்கள். ஆனால் அதே பாலிசியின் நிபந்தனைகளில் இன்னொன்று இருக்கிறது. விபத்தோ பிரேக்டவுனோ ஆனால், மேற்கொண்டு சேதம் வராமல் தக்க பாதுகாப்பு செய்யாமல் வண்டியை அனாதையாக விட்டுவிட்டு வரக்கூடாது. ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால் அதற்குமேல் வரும் சேதம் உங்கள் பாடு. கடமையைச் சொல்லும் இடத்தில் இரண்டு வார்த்தையும் இருக்கிறது, காசு தரும் இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது! வண்டியை விட்டுவிட்டும் வரக்கூடாது, ஓட்டியும் வரக்கூடாது, இழுத்துவரக் காசும் கிடையாது என்றால் ராத்திரி பத்து மணிக்குக் குடும்பத்தோடு காட்டில் நிற்பவன் என்னதான் செய்வான்?

இழுவையின் அருமையைக் கம்பெனிகளுக்கும் புரியவைத்தது மழை. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மூழ்கிய கார்களைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள் பலர். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும், இன்ஜின் காலி. வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவுக்கு இல்லை என்று வழக்கு போனது. சாவியைத் தொடாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தால் பல இன்ஜின்கள் பிழைத்திருக்கும். 2015 டிசம்பரில் சென்னையிலும் இதே பாடம்.

2007 ஜனவரியில் டாரிஃப் விலைக்கட்டுப்பாடு போனது. 2009லிருந்து அடிப்படை பாலிசிக்கு மேல் 'ஆட்-ஆன்' விற்க ஐ.ஆர்.டி.ஏ. வழிவிட்டது. ஜீரோ டிப்ரிசியேஷன், இன்ஜின் பாதுகாப்பு, அவற்றோடு ரோட்சைடு அசிஸ்டன்ஸ். சங்கத்தின் வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியின் மெனுவுக்குள் வந்தது. வருவது கம்பெனி ஆளும் அல்ல, ஒப்பந்தம் போட்ட ஏதோ ஓர் ஏஜென்சியின் வண்டி.

இங்கே பலர் குழம்புகிறார்கள். இழுவை வரம்பை 1500லிருந்து உயர்த்தும் ஆட்-ஆன் வேறு, அது விபத்துக்குத்தான். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் வேறு. பேட்டரி, பஞ்சர், பெட்ரோல் தீர்ந்தது, பிரேக்டவுன் எல்லாம் இதில். இரண்டாவதில் பெரும்பாலும் அவர்கள் நம்பருக்கு முதலில் போன் செய்யவேண்டும், நாமாக வண்டி பிடித்துவிட்டு பில் நீட்டினால் செல்லாது. எத்தனை கிலோமீட்டர் வரை இழுப்பார்கள், வருடத்துக்கு எத்தனை தடவை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். புது வண்டிக்கு கார் கம்பெனியே இதைக் கொடுத்திருந்தால் இரண்டு முறை காசு கட்டாதீர்கள். சின்ன விபத்தில் அந்த 1500க்காக மட்டும் க்ளெய்ம் போடுவதும் நஷ்டக் கணக்கு: 20 முதல் 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் போன் போடுங்கள், ரோட்டை மறிக்காமல் வண்டியை ஓரமாக்கவாவது கிரேன் வரும்.

(மும்பையில் 'டோயிங்' என்றாலே நோ பார்க்கிங்கில் போலீஸ் தூக்குவதுதான். அதற்கு எந்தப் பாலிசியும் காசு தராது, முயற்சி செய்யவேண்டாம் :-))

அந்த 200 ரூபாய்த் தள்ளுபடியும் முழுதாகச் சாகவில்லை. ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினரா என்ற கேள்வியைப் பல புரொபோசல் ஃபாரங்களில் இன்னும் பார்க்கலாம். என் ஏஜென்ட் என்னைக் கேட்காமலே வருடாவருடம் 'இல்லை' என்று டிக் அடித்துக்கொண்டிருக்கிறார்.