உஷுவாயா ஒப்பந்தம் பிறந்த கதை

1996 ஏப்ரல் 22. பராகுவே அதிபர் ஹுவான் கார்லோஸ் வாஸ்மோசி, ராணுவத் தளபதி லினோ ஒவியேதோவை ஓய்வு பெற்றுப் போகச் சொன்னார். தளபதி மறுத்ததோடு நிற்கவில்லை. அதிபர்தான் பதவி விலக வேண்டும் என்றார். அன்றிரவு ஒரு நாட்டின் அதிபர், சொந்தத் தலைநகரிலேயே அமெரிக்கத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்.

1954 முதல் 1989 வரை ஸ்ட்ரோஸ்னர் என்ற ஒரே தளபதி ஆண்ட நாடு அது. ஆட்சிக் கவிழ்ப்பில் வந்தவர், ஆட்சிக் கவிழ்ப்பிலேயே போனார். வாஸ்மோசி இன்னும் சில நாளில் போயிருப்பார். காப்பாற்றியவர்கள் அக்கம்பக்கத்தார். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் உடனே அதிபர் பக்கம் நின்றன, அமெரிக்காவும் நின்றது. அமெரிக்க நாடுகள் அமைப்பின் பொதுச் செயலாளர் சேசர் கவீரியா தலைநகர் அசுன்சியோனுக்கே பறந்து வந்தார். இவ்வளவுக்குப் பிறகும் வாஸ்மோசி, தளபதியைச் சமாதானப்படுத்தப் பாதுகாப்பு அமைச்சர் பதவி தருகிறேன் என்றார்! தெருவில் திரண்ட இளைஞர்கள் விடவில்லை. பதவி கைநழுவியது, ஒவியேதோ சீருடையையும் இழந்தார்.

அண்டை நாடுகளுக்கு ஏன் இந்த அக்கறை? அவர்களும் 1980களில்தான் ராணுவ ஆட்சியிலிருந்து மீண்டவர்கள். 1970களில் இதே நாடுகளின் ராணுவங்கள், ‘காண்டோர்’ என்ற பெயரில், ஒருவர் தேடும் எதிர்ப்பாளரை இன்னொருவர் பிடித்துக் கொடுத்தன. பக்கத்து முகாமில் பற்றும் தீ தம் முகாமுக்கும் தாவும் என்பது அவர்களுக்குத் தெரியும். நல்லெண்ணத்தைவிட இந்தப் பயம்தான் பெரிது என்பேன்.

மிரட்ட ஓர் ஆயுதமும் இருந்தது. 1991-ல் அசுன்சியோனில்தான் நான்கு நாடுகளும் ‘மெர்கோசூர்’ வணிகக் கூட்டமைப்பைத் தொடங்கின. கடற்கரையே இல்லாத பராகுவேக்கு அதை விட்டால் பிழைப்பு கஷ்டம். ஆனால் உறுப்பினர் நாட்டில் ஜனநாயகம் இருந்தாக வேண்டும் என்று கூட்டமைப்பைத் தொடங்கிய அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி கிடையாது. 1996 ஜூனில் அதைப் பிரகடனமாக அறிவித்தார்கள். 1998 ஜூலை 24 அன்று, அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவில் அது ஒப்பந்தமானது. சிலியும் பொலிவியாவும்கூடக் கையெழுத்திட்டன. ஜனநாயகம் முறிந்தால் முதலில் பேச்சு, பலிக்காவிட்டால் இடைநீக்கம். மற்றவர்கள் ஒருமனதாக முடிவெடுப்பார்கள். சம்பந்தப்பட்ட நாட்டுக்கு அதில் குரல் இல்லை.

சீருடையில் வருபவரை மனதில் வைத்து எழுதிய விதி இது. சட்டப் புத்தகத்தோடு வருபவரிடம் தடுமாறியது. 2012 ஜூனில் பராகுவே நாடாளுமன்றம், அரசியல் சட்டத்தில் உள்ள பதவிநீக்க வழியிலேயே அதிபர் லூகோவை இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பியது. அவர் தரப்பு வாதத்துக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அண்டை நாடுகள் கூடிப் பராகுவேயை இடைநீக்கம் செய்தன. அது நியாயம்தான். ஆனால் அதே கூட்டத்திலேயே, பராகுவே செனட் அதுவரை மறித்து வைத்திருந்த வெனிசுவேலாவை உறுப்பினராகச் சேர்க்கவும் முடிவெடுத்தார்களே, அது வெறும் அரசியல்.

2017 ஆகஸ்டில், ஜனநாயகம் முறிந்துவிட்டது என்று சொல்லி, அந்த வெனிசுவேலாவையும் இதே உஷுவாயா ஒப்பந்தத்தின் கீழ் இடைநீக்கம் செய்தார்கள்.